முகப்பில் கொஞ்சம், உள்ளே முழுவதும்: வலைப்பதிவு இடுகைகளைச் சுருக்கிக் காட்டுவது எப்படி?

ஆசிரியர்களுக்கும், தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

எஸ்.பி.எம். தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தபோது என் படிவம் 5 மாணவி ஒருத்தி புலனத்தில் செய்தி அனுப்பினாள். "டீச்சர், உங்க பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு. திறக்கவே மாட்டேங்குது. செய்யுள் விளக்கம் எங்க இருக்கு?" நான் பள்ளிக் கணினியில் திறந்து பார்த்தேன். டக்கென்று வந்துவிட்டது. "உன் லைன்தான் ஸ்லோவா இருக்கும்மா, கொஞ்ச நேரம் கழிச்சுப் பாரு" என்று பதில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மனசு கேட்கவில்லை. அன்று இரவு வீட்டில் வைஃபையை அணைத்துவிட்டு, என் பழைய கைப்பேசியில் டேட்டாவை மட்டும் வைத்துத் திறந்தேன். சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக முகப்பு வந்தபோது பத்து மெகாபைட்டுக்கு மேல் தீர்ந்திருந்தது. பத்து வெள்ளி டாப் அப் போட்டு அதை வாரக்கணக்கில் இழுத்துப் பிடிக்கும் பிள்ளைக்கு இது சின்ன விசயம் இல்லை.

எனக்குப் புரியாதது என்னவென்றால், என் முகப்பு நீளமான பக்கமே இல்லை. ஒவ்வோர் இடுகையும் நான்கு வரி, கீழே 'தொடர்ந்து படிக்க' என்ற இணைப்பு, அவ்வளவுதான். பல வருசத்துக்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு நிரலை எடுத்து வார்ப்புருவில் ஒட்டி, அழகாகச் சுருக்கியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். உண்மையில் நான் இடுகைகளைச் சுருக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தேன். இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்ததுதான் தப்பு.

பிளாகரில் வலைப்பதிவு வைத்திருக்கும் நம் ஆசிரியர்கள் பலருக்கும் இதே கதையாக இருக்கலாம். எனவே முதலில் உங்கள் பக்கத்தைச் சோதித்துப் பாருங்கள். கணினியில் உங்கள் முகப்பைத் திறந்துகொள்ளுங்கள். சுருக்கமாகத் தெரியும் ஓர் இடுகையைத் தேர்ந்தெடுத்து, அதன் முழுப் பக்கத்துக்குப் போய், கடைசி வரியிலிருந்து இரண்டு மூன்று சொற்களைப் படியெடுங்கள். மறுபடியும் முகப்புக்கு வந்து, வெற்றிடத்தில் வலச் சொடுக்கு செய்து பக்கத்தின் மூலநிரலைத் திறங்கள் (கண்ட்ரோல் விசையோடு யு எழுத்தை அழுத்தினாலும் வரும்). அங்கே கண்ட்ரோல்-எஃப் போட்டு, படியெடுத்த சொற்களைத் தேடுங்கள். கிடைத்துவிட்டதா? அப்படியானால் உங்கள் பக்கமும் மறைக்கிறது. முழு இடுகையும் மாணவரின் கைப்பேசி வரை போய்விட்டது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

அரிசி மூட்டையை வீட்டு வாசல் வரைக்கும் தூக்கிவந்து வைத்துவிட்டு, ஒரு பிடி அரிசி மட்டும் தெரியும்படி மீதியைத் துணி போட்டு மூடுகிற மாதிரி. பார்க்கிறவருக்கு ஒரு பிடிதான். தூக்கிவந்த கூலி முழு மூட்டைக்கு.

இது ஏன் இப்படி ஆனது என்றால், பிளாகரில் இடுகையை வெட்டிக் காட்ட ஆரம்பத்தில் நேரடி வசதி கிடையாது. ஆகவே ஆர்வலர்கள் தாங்களே குறுக்குவழிகள் கண்டுபிடித்தார்கள். ஒரு வழியில், இடுகையின் பின்பகுதியைத் தனி உறைக்குள் போட்டு, முகப்பில் அந்த உறை தெரியாதபடி பாணி விதி ஒன்றை எழுதிவிடுவார்கள். இன்னொரு வழியில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரல், பக்கம் வந்து இறங்கிய பிறகு, உலாவிக்குள் உட்கார்ந்துகொண்டு முதல் சில நூறு குறியீடுகளை மட்டும் வைத்துவிட்டு மீதியை நீக்கும். முதலில் இறங்குவது, அப்புறம் வெட்டுவது. அது வெட்டுவதற்குள் படங்களில் பலவும் இறங்கத் தொடங்கியிருக்கும். இரண்டாவது வழி ரொம்பப் பிரபலமானதற்குக் காரணம், ஒருதரம் ஒட்டிவிட்டால் போதும், பழைய இடுகை புதிய இடுகை எல்லாம் தானாகவே சுருங்கிவிடும். நானும் அதற்குத்தான் மயங்கினேன்.

2009-இல் பிளாகரே 'ஜம்ப் பிரேக்' என்ற வசதியைக் கொடுத்துவிட்டது. நான் இதை வெட்டுக்கோடு என்று சொல்லிக்கொள்கிறேன். இடுகையில் நீங்கள் எந்த இடத்தில் கோடு போடுகிறீர்களோ அந்த இடம் வரைக்கும்தான் முகப்புக்கு அனுப்பப்படும். மீதி, கூகுளின் வழங்கியிலேயே இருக்கும். மாணவர் இணைப்பை அழுத்தினால்தான் அது கிளம்பி வரும். மேலே சொன்ன சோதனையைச் செய்தால், கடைசி வரி மூலநிரலில் அகப்படாது.

தானியங்கி நிரலால் நம் தமிழுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது எண்ணுவது எழுத்துகளை இல்லை, குறியீடுகளை. 'தமிழ்' என்றால் நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என்று ஐந்து. 'மாணவர்கள்' நமக்கு ஆறு, கணினிக்கு ஒன்பது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து 'முந்நூறு போதும்' என்று எழுதிய நிரல், தமிழில் நாம் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரமே முடித்துவிடும். இடைவெளி பார்த்து நிறுத்தத் தெரியாத நிரலாக இருந்தால், மெய்யின் புள்ளியை அறுத்துவிட்டுப் போய்விடும். 'கல்' என்பது 'கல' என்று நிற்கும். ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் வெட்டுகிற நாமே முகப்பில் இப்படிக் காட்டினால் பிள்ளைகள் சிரிக்க மாட்டார்களா?

இதைவிட மோசம் செய்யுள். அந்த நிரல் வரிமுறிவுகளை எல்லாம் நீக்கிவிட்டு வெறும் உரையாக ஓட்டிவிடும். குறளின் முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று என்று வகுப்பில் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுப்போம். முகப்பில் ஏழு சீரும் ஒரே வரியில் நீட்டிக்கொண்டு கிடக்கும். அந்த மாணவி தேடிய செய்யுள் விளக்கம் என் முகப்பில் அப்படித்தான் இருந்தது. அவள் கண்ணில் பட்டிருந்தாலும் அது செய்யுள் என்று அடையாளம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

பழைய நிரல் இருப்பவர்கள் முதலில் அதை எடுக்க வேண்டும். பிளாகரின் இடப்பக்கப் பட்டியலில் 'தீம்' பகுதிக்குப் போங்கள். 'கஸ்டமைஸ்' பொத்தானை ஒட்டி ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும், அதற்குள் 'பேக்அப்' இருக்கிறது. எதையும் தொடுவதற்கு முன்னால் அதை அழுத்தி, இப்போதைய வார்ப்புருவை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு குறி காணாமல் போனாலே வார்ப்புரு சேமிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அல்லது சேமித்துக்கொண்டு பக்கத்தைக் கலைத்துப்போடும். கோப்பு கையில் இருந்தால் அதே இடத்தில் 'ரீஸ்டோர்' செய்து பழையபடி ஆக்கிவிடலாம்.

பிறகு அதே அம்புக்குறிக்குள் 'எடிட் எச்.டி.எம்.எல்.' வழியாக நிரலுக்குள் போனால், ஒட்டிய துண்டு பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, தலைப்பகுதி முடிகிற இடத்துக்குச் சற்று மேலே. இன்னொன்று, இடுகையின் உடல்பகுதி வருகிற இடத்தில். 'சம்மரி' என்ற ஆங்கிலச் சொல்லை எடிட்டருக்குள் தேடினால் பெரும்பாலும் இரண்டுமே அகப்படும். தலைப்பகுதியில் உள்ளதை முழுசாக நீக்கலாம். உடல்பகுதியில் அப்படிச் செய்துவிடாதீர்கள். அங்கே சுற்றிப் போட்டிருக்கும் நிபந்தனைகளை நீக்கிவிட்டு, இடுகையின் உடலை அழைக்கும் அந்த ஒற்றை வரியை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அதையும் சேர்த்து அழித்தால் தலைப்புகள் மட்டும் நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

படிக்கவே தலை சுற்றுகிறதா? வேறு வழி இருக்கிறது. பிளாகர் தரும் புதிய தீம் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். பழைய நிரல் தானாகப் போய்விடும். நிறம், தலைப்புப் படம் போன்ற அலங்காரங்களை மறுபடி செய்ய வேண்டியிருக்கும், ஆனால் இடுகைகளுக்கு ஒன்றும் ஆகாது. நான் கடைசியில் இதைத்தான் செய்தேன், கௌரவம் பார்க்கவில்லை.

வெட்டுக்கோடு போடுவது சுலபம். இடுகையை எழுதும் பக்கத்தில் மேலே உள்ள கருவிப்பட்டையில், இரண்டாகக் கிழித்த தாள் போல ஒரு சின்னம் இருக்கும். திரை சிறியதாக இருந்தால் மூன்று புள்ளிக்குள் ஒளிந்திருக்கும். வெட்ட வேண்டிய இடத்தில் சுட்டியை வைத்து அதை அழுத்துங்கள். குறுக்கே ஒரு கோடு விழும். இடுகையைப் புதுப்பியுங்கள், முடிந்தது. ஓர் இடுகைக்கு ஒரு கோடுதான். முகப்பில் மட்டும் இல்லாமல், 'படிவம் 4', 'இலக்கணம்', 'மாதிரித் தேர்வுத் தாள்' என்று நீங்கள் வைத்திருக்கும் குறிச்சொல் பக்கங்களிலும் மாதவாரித் தொகுப்புப் பக்கங்களிலும் இதே வெட்டு வேலை செய்யும்.

இணைப்பில் ஆங்கிலம் வருகிறதே என்றால், 'லேஅவுட்' பகுதிக்குப் போய், இடுகைகள் உள்ள பெட்டியின் பென்சில் குறியை அழுத்துங்கள். அங்கே அந்தச் சொல்லை மாற்ற ஒரு கட்டம் உண்டு. 'தொடர்ந்து படிக்க' என்று போடலாம். மாணவர்களுக்கான பயிற்சிப் பக்கமாக இருந்தால் 'விடையைக் காண' என்றும் போடலாம். வலைப்பதிவு முழுவதற்கும் ஒரே சொல்தான், யோசித்துப் போடுங்கள்.

பொத்தானை அழுத்துவது இரண்டு நிமிட வேலை. எந்த இடத்தில் வெட்டுவது என்பதற்குத்தான் ஆசிரியர் தேவை. இங்கேதான் நிரலைவிட நாம் நன்றாகச் செய்ய முடியும்.

முதலில் ஒரு கெட்ட பழக்கம். நம்மில் முக்கால்வாசிப் பேர் இடுகையை எப்படித் தொடங்குகிறோம்? "அனைவருக்கும் வணக்கம். இறைவன் அருளால் நலமே வாழ்க. இன்றைய பதிவில் நாம் காணவிருப்பது..." நான்கு வரி போய்விட்டது. அங்கே வெட்டினால் முகப்பில் வரிசையாக ஏழு வணக்கம் நிற்கும், எந்த இடுகையில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. (இந்தக் கட்டுரையும் வணக்கத்தில்தான் தொடங்கியது. ஒரு வரிதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.) பொருளை முதல் வரியில் வையுங்கள். வணக்கத்தைக் கோட்டுக்குக் கீழே சொல்லிக்கொள்ளலாம்.

செய்யுள் இடுகை என்றால், செய்யுள் முழுவதையும் அடி பிரித்து மேலே வையுங்கள். பொருளைத் தொடங்குவதற்கு முன் கோடு. செய்யுளைப் பாதியில் வெட்டாதீர்கள். அடிகளைப் பார்த்ததும் பொருள் ஞாபகம் வருகிறதா என்று மாணவர் தன்னையே சோதித்துக்கொள்ள முகப்பு உதவும். மரபுத்தொடர், இணைமொழி, உவமைத்தொடர் எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

இலக்கணப் பயிற்சி என்றால் கேள்விக்கும் விடைக்கும் நடுவில் வெட்டுங்கள். வலிமிகும் இடம், மிகா இடம் பற்றி ஐந்து வாக்கியம் கொடுத்துவிட்டு, "எங்கெல்லாம் ஒற்று வரும்?" என்று கேட்டு நிறுத்திவிடுங்கள். முன்பெல்லாம் என் பக்கத்தில் விடை கேள்விக்குக் கீழேயே இருக்கும். பிள்ளைகள் கேள்வியைப் படித்த கையோடு கண்ணை இறக்கிவிடுவார்கள், "இது தெரியுமே" என்று நினைத்துக்கொள்வார்கள். தேர்வு மண்டபத்தில் அது தெரியாது. மாணவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். கோட்டைத் தாண்டுவதற்கு முன் ஒரு தாளில் விடையை எழுதிவிட்டு அழுத்துங்கள். அப்போதுதான் தப்பு எங்கே என்று உங்களுக்கே அகப்படும்.

மாதிரித் தேர்வுத் தாள் போடும்போது முதல் பக்கத்தின் படத்தை முகப்பில் வைப்பது பயன் இல்லை. எல்லாத் தாளின் முதல் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்தப் படிவம், எந்தத் தாள், எத்தனை பக்கம், விடைப்பட்டி உண்டா இல்லையா, கோப்பின் கனம் எவ்வளவு என்று இரண்டு வரியில் எழுதிவிட்டு வெட்டுங்கள். கனத்தைச் சொல்வது டேட்டா எண்ணிச் செலவழிக்கும் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. தேவையா இல்லையா என்று இறக்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வார்கள்.

மாதிரிக் கட்டுரையில் முன்னுரையை முகப்பில் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். முப்பது கட்டுரையிலும் அதே முன்னுரை வந்து சேரும். தலைப்பு, கட்டுரை வகை, கருத்துகளின் குறிப்பு, இவ்வளவு போதும்.

எதை வெட்டக்கூடாது என்பதும் உண்டு. பயிலரங்கு அறிவிப்பு, தேதி மாற்றம் போன்ற எட்டு வரிச் செய்திக்குக் கோடு வேண்டாம். அழுத்திவிட்டுக் காத்திருந்து பார்த்தால் உள்ளே இன்னும் இரண்டே வரி. அடுத்த தடவை அந்த மாணவர் அழுத்த மாட்டார்.

படம், யூடியூப் காணொளி, கூகுள் டிரைவ் கோப்பின் முன்தோற்றம், இவை எல்லாம் கண்டிப்பாகக் கோட்டுக்குக் கீழே. கனமே இவற்றால்தான். யுனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் ஆகும். நானூறு சொல் கட்டுரை ஒன்று பத்துப் பதினைந்து கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். வருடிய தாளின் ஒரே ஒரு பக்கப் படம் இருநூறு கிலோபைட் என்று வைத்துக்கொண்டாலும், எட்டுப் பக்கத் தாளுக்கு 1.6 மெகாபைட், முகப்பில் அப்படி ஏழு இடுகை இருந்தால் 11.2 மெகாபைட். அந்த மாணவியின் டாப் அப் போன வழி இதுதான்.

ஓர் எச்சரிக்கை. அட்டவணைக்கு உள்ளேயோ, வண்ணப் பெட்டிக்கு உள்ளேயோ, எண்ணிட்ட பட்டியலின் நடுவிலோ கோடு போடாதீர்கள். திறந்த பெட்டி மூடப்படாமல் முகப்புக்குப் போனால், பக்கப்பட்டை கீழே இறங்கி உட்கார்ந்துகொள்ளும், அல்லது அடுத்த இடுகையும் அதே வண்ணத்தில் நிற்கும். வேர்டிலிருந்து அப்படியே ஒட்டிய இடுகைகளில் இந்தத் தொல்லை அதிகம். கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் அதில் நிறைய வரும். கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு வி அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் ஒட்டும், அப்புறம் தடிமன், சாய்வு எல்லாம் இங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

2017-இல் வந்த கன்டெம்போ, சோகோ, எம்போரியோ, நோட்டபிள் ஆகிய தீம்களில் ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு முகப்பு ஏற்கெனவே சுருக்கமாகத்தான் வரும். முதல் சில வரிகளைப் பிளாகரே எடுத்துக் காட்டும். ஆனால் அதுவும் எடுப்பது வெறும் உரையைத்தான். செய்யுள் போடுகிறவர்கள் பழைய எளிய தீம்களில் ஒன்றை வைத்துக்கொண்டு வெட்டுக்கோடு போடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். வேர்ட்பிரஸ் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே கணக்கு. அங்கே 'மோர்' என்ற கட்டம் இருக்கிறது, அதைப் போடுங்கள். தானாக எடுக்கும் சுருக்கம் 55 சொல்லில் நின்றுவிடும், அடியும் கலையும்.

அப்படியே 'செட்டிங்ஸ்' பகுதிக்குப் போய், முகப்பில் அதிகபட்சம் எத்தனை இடுகை என்ற இடத்தில் ஐந்து என்று வையுங்கள். படங்களைத் தாமதமாக இறக்கும் 'லேஸி லோட்' வசதியும் அங்கேயே இருக்கிறது, அதையும் இயக்கிவிடுங்கள். பத்து என்று அமைத்திருந்தும் முகப்பில் மூன்று நான்கு இடுகைதான் தெரிகிறது என்று சிலர் கேட்பார்கள். பக்கத்தின் கனம் கூடிப்போனால் பிளாகரே எண்ணிக்கையைக் குறைத்துவிடும். அது உங்கள் முகப்பு ரொம்பக் கனத்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

"என்னிடம் இருநூறு பழைய இடுகை இருக்கிறதே, எல்லாவற்றுக்கும் கோடு போடணுமா?" வேண்டாம். இப்போது முகப்பில் தெரியும் ஐந்துக்கும் முதலில் போடுங்கள். அப்புறம் தேர்வு மாணவர்கள் போகும் குறிச்சொல் பக்கங்கள் இரண்டு மூன்று இருக்கும், அவற்றில் உள்ளவற்றுக்கு நாளுக்குப் பத்தாகப் போட்டால் ஒரு வாரத்தில் முடியும். மற்றவை இருக்கட்டும். எனக்கு நான்கு மாலை ஆனது.

முடித்ததும் வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டில் இருப்பதிலேயே பழைய கைப்பேசி எதுவோ அதில் திறந்து பாருங்கள். அந்த மாணவிக்கு நான் புது இணைப்பை அனுப்பியபோது மறுநிமிடமே பதில் வந்தது. "வந்துருச்சு டீச்சர். ஆனா விடைய ஏன் மறைச்சு வெச்சிருக்கீங்க?"